செக்குமாடும் டைனமோ விளக்கும்

அன்புள்ள ஐயா,

எங்கள் குடியிருப்பில் சுற்றுச்சுவரை ஒட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள். ஒரு சுற்று முக்கால் கிலோமீட்டர். நடக்கவும் சைக்கிள் விடவும் அதே பாதைதான். கைக்கடிகாரத்தில் பத்தாயிரம் காலடி விழும்வரை என் வீட்டுக்காரர் வீடு திரும்ப மாட்டார். எனக்கோ நான்காவது சுற்றிலேயே செக்குமாடு ஞாபகம் வந்துவிடுகிறது. போதாததற்குப் பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் வந்து மணி அடிக்கிறார்கள், உயிர் போய் வருகிறது. சில்வர் பீச் போகலாம் என்றால் அவருக்கு வண்டியை எடுக்கச் சோம்பல். ஒரே இடத்தைச் சுற்றி வருவதில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள அம்மா,

முதலில் அந்தப் பத்தாயிரம். அது டாக்டர் எழுதிக் கொடுத்த கணக்கு இல்லை. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு கருவியின் பெயரே ‘பத்தாயிரம் காலடி மீட்டர்’ என்ற பொருளில் இருந்தது. பெயர் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களிடம் கேட்பது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி; வீசி நடப்பதும் அதில் சேரும். கொஞ்சம் வீசி நடந்தால் தினமும் இரண்டரைச் சுற்றில் அது முடிந்துவிடும். உங்களுக்குச் சலிப்பு வருவது நான்காவதில்தானே? (இதை வீட்டுக்காரரிடம் காட்டுவது உங்கள் பொறுப்பு.)

நான் நெய்வேலிக்காரன். அங்கே பிளாக்கை ‘வட்டம்’ என்பார்கள், ஆக வட்டத்துக்குள்ளேயே வளர்ந்தவன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அப்பா சைக்கிளின் முன்பாரில் துண்டை மடித்துப் போட்டு என்னை உட்காரவைத்து ஒரு சுற்று வருவார். டயரில் டைனமோ உரசும் சத்தம் தொடையில் அதிரும். மிதித்தால்தான் வெளிச்சம்; வேகம் குறைந்தால் விளக்கு மஞ்சளாகிச் சோர்ந்துவிடும். ஒரு முனையில் மரங்கள் அடர்ந்து தெருவிளக்கை மறைத்திருக்கும். அங்கே வந்ததும் அப்பா வேகமாக மிதிப்பார். எனக்காகத்தான் என்று நினைத்திருந்தேன். அவருக்கும் பயமாக இருந்திருக்கலாம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தது. உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, கடலூர்க்காரர்கள் அந்த விடியலை மறந்திருக்க மாட்டீர்கள். சில நாள் கழித்து ஊருக்குப் போனேன். எங்கள் வீட்டுக்குத் திரும்பும் முனையைத் தாண்டிப் போய்விட்டேன். மரங்களை வைத்துத்தான் அந்த முனையை அடையாளம் வைத்திருந்தேன் என்பது அவை விழுந்த பிறகுதான் தெரிந்தது. எத்தனை நூறு சுற்று வந்திருப்பேன்! ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லாம் உள்ளே ஏறியிருந்தது. பீச்சுக்குப் போனால் கடலைப் பார்ப்பீர்கள், ரசிப்பீர்கள், சரி. இப்படி ஒரு இடம் உடம்பில் ஏறுவது தினமும் சுற்றுகிற பாதையில்தான் நடக்கும்.

மணி விஷயத்தில் நான் பிள்ளைகள் பக்கம். தூரத்திலேயே அடிக்கப் பழக்குங்கள், பிடித்துக்கொள்வார்கள். ஆனால் மூன்று பேர் கைகோத்து அகலமாக நடந்தால் பாவம், அவர்கள் எங்கே போவார்கள்? இடது ஓரமாக, இருவருக்கு மேல் சேராமல் நடந்தால் பாதிச் சண்டை தீரும். வேர் தூக்கிய இடத்தில் கல் பெயர்ந்தால் கல்லை மாற்றச் சொல்லுங்கள், மரத்தில் கைவைக்க விடாதீர்கள்.

நாளைக்கு ஒரு சுற்றை எதிர்த்திசையில் வந்து பாருங்கள். இத்தனை நாள் பின்னாலிருந்து பார்த்தவர்களின் முகம் தெரியும். வீட்டுக்காரர் உட்பட.