கேப்டனிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி: என் சொந்த ஊர் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம். துணை விமானியாகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. சென்ற மாதம் ஒரு மாலை, தரையிறங்கும்போது 500 அடி உயரத்திலும் எங்கள் வேகம் இருக்க வேண்டியதைவிட 22 நாட் (மணிக்குச் சுமார் 40 கி.மீ.) கூடுதலாக இருந்தது. ஓட்டியவர் என் அப்பா வயதுள்ள கேப்டன். "சார், ஸ்பீடு கொஞ்சம்..." என்றேன். "பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ரன்வேயில் வெகுதூரம் தள்ளிப்போய் இறங்கினோம். ஒன்றும் ஆகவில்லை. பிறகு அவரே தேநீர் வாங்கிக்கொடுத்தார். பெரியவர்களை எதிர்த்துப் பேசாமல் வளர்ந்தவன் நான். அன்று என்ன செய்திருக்க வேண்டும்?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: தம்பி, "ஸ்பீடு கொஞ்சம்" என்பதற்குப் பிறகு மூன்று புள்ளி வைத்திருக்கிறீர்கள். அங்கேயே தொடங்குகிறேன்.

நம் வீடுகளில் பெரியவர்களிடம் இப்படித்தான் பேசுகிறோம். "மழை வருகிற மாதிரி இருக்கிறது" என்று மருமகள் சொன்னால், கொடியில் காயும் துணியை எடுக்க வேண்டும் என்று மாமியாருக்குப் புரிந்துவிடும். பாதி வாக்கியத்தை நாம் சொல்வோம், மீதியை அவர்கள் நிரப்பிக்கொள்வார்கள். வீட்டில் அதற்கு நேரம் இருக்கிறது. 500 அடியிலிருந்து ரன்வேயைத் தொட உங்களுக்கு இருந்தது சுமார் 40 விநாடி. வேலை நெருக்கும் நேரத்தில் மனிதனுக்கு முதலில் அடைபடுவது காது. ரன்வேயையே பார்த்துக்கொண்டிருந்த அவர் மீதிப் பாதியை எப்படி நிரப்புவார்?

என் அப்பா லாரி ஓட்டியவர். பள்ளி விடுமுறையில் தர்மபுரியிலிருந்து சேலத்துக்கு அவருடன் போவேன். தொப்பூர் கணவாய் இறக்கம் வருவதற்கு முன்பே கிளீனர், "அண்ணே, இரண்டாவது கியர்" என்பார். அப்பா மாற்றுவார். ஒரு நாள் அசதியில் மூன்றாவது கியரிலேயே விட்டுவிட்டார். இரண்டு வளைவு தாண்டியதும் பிரேக் லைனர் கருகும் வாடை கேபினுக்குள் ஏறியது. கிளீனர் மறுபடி "அண்ணே" என்றார். பதில் இல்லை. உடனே அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கி, "கியரைக் குறை" என்று ஒருமையில் கத்தினார். அப்பா குறைத்தார். கீழே டீக்கடையில் இறங்கியபோது அவர் மீண்டும் "அண்ணே" என்றுதான் கூப்பிட்டார். அப்பா ஒன்றும் சொல்லாமல், தன் தட்டில் இருந்த வடையை அவருக்குத் தள்ளிவைத்தார்.

உங்கள் 22 நாட்டைச் சின்ன எண்ணாக நினைக்காதீர்கள். 140 நாட் வேகத்தில் இறங்க வேண்டிய விமானம் 162 நாட்டில் இறங்கினால், பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். அதனால்தான் மேகமூட்டத்தில் 1,000 அடி, தெளிந்த வானில் 500 அடி என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அதற்குள் வேகம், இறங்கும் வீதம், சக்கரம், ஃபிளாப் (இறக்கையிலிருந்து நீளும் தகடு) எல்லாம் ஒழுங்குக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் கோ-அரவுண்ட்தான், அதாவது இறங்காமல் மேலே ஏறிச் சுற்றி மறுபடி வருவது.

2010 மே 22 அன்று மங்களூரில் துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் சொன்னார். கேப்டன் தரையிறக்கத்தைத் தொடர்ந்தார். 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் மழையில் ரன்வேயின் பாதியை ஒட்டித் தரை தொட்ட விமானத்திலும் துணை விமானி கோ-அரவுண்ட் சொல்லியிருந்தார். 21 உயிர்கள் போயின. இரண்டு இடத்திலும் இளையவர் வாய் திறந்தார், தம்பி. இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. ஆகவே சொல்வது மட்டும் போதாது. சொல்லுக்குப் பதில் வராவிட்டால் அடுத்து என்ன என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

அன்று நீங்கள் சொல்லியிருக்க வேண்டியது முதலில் எண்: "ஸ்பீடு, பிளஸ் 22." 500 அடியில் அது குறையவில்லை என்றால் கட்டளை: "அன்ஸ்டேபிள், கோ அரவுண்ட்." கேள்விக்குறி வேண்டாம், "கொஞ்சம்" வேண்டாம். "சார்" வேண்டுமென்றால் கடைசியில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு முறை சொல்லியும் பதிலோ மாற்றமோ இல்லை என்றால், கட்டுப்பாட்டை எப்போது, எந்தச் சொல்லைச் சொல்லி எடுப்பது என்று உங்கள் நிறுவனத்தின் இயக்கக் கையேட்டைப் பாருங்கள். குளியலறையில் நின்று உரக்கச் சொல்லிப் பழகுங்கள். வாய்க்குப் பழகாத சொல் அந்த 40 விநாடியில் வராது.

நான் விமானி அல்லன். 26 ஆண்டுகள் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவன். "கோயிங் அரவுண்ட்" என்று குரல் வந்தால் திசையும் உயரமும் கொடுப்போம், வழியை ஒதுக்குவோம். ஏன் என்று அந்த நேரத்தில் யாரும் துருவிக் கேட்க மாட்டோம். பத்துப் பதினைந்து நிமிடத்தில் அதே விமானம் அழகாக வந்து இறங்கும். அப்படித் திரும்ப ஏறிய எந்தக் கேப்டனையும் நாங்கள் குறைவாக நினைத்ததில்லை.

அடுத்த முறை யாருடன் பறந்தாலும், புறப்படும் முன் பேசும்போதே கேளுங்கள்: "சார், 500 அடியில் சரியாக இல்லை என்றால் நான் கோ-அரவுண்ட் சொல்வேன். சொன்னால் எடுத்துவிடுவீர்கள் அல்லவா?" தரையில் நின்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். அந்த ஆமாம் மேலே உங்களுக்கு உதவும்.

அந்த மாலையைப் பற்றிப் பாதுகாப்பு அறிக்கை இன்னும் கொடுக்கவில்லை என்றால், இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் அந்தக் கேப்டனைச் சந்தித்து, இம்முறை நீங்கள் தேநீர் வாங்கிக்கொடுத்து, எழுதப்போவதை அவரிடமே சொல்லுங்கள்.