கொக்கு எதைப் பார்த்தது?

(கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் 31 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற பேராசிரியர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: முனைவர் பட்டம் வாங்கி, கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தகுதித் தேர்விலும் தேறி, நான்கு வருஷமாகக் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். வாரம் 16 மணி நேரம் வகுப்பு. மாதம் 25,000 ரூபாய், அதுவும் 11 மாதத்துக்குத்தான். கட்டுரை எழுத நேரமில்லை. "பாடம் எடுத்துக்கொண்டே இருந்தால் ஆய்வாளராக முடியாது" என்கிறார்கள். உங்கள் காலம் பெரும்பாலும் வகுப்பிலேயே போய்விட்டதாக வருந்தியதுண்டா ஐயா?
- வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: வருந்தியதில்லை அம்மா. பயந்ததுண்டு. 2010-இல் பல்கலைக்கழக மானியக் குழு, கட்டுரை முதலானவற்றுக்குப் புள்ளி போடும் கணக்கைக் கொண்டுவந்தபோது, பதவி உயர்வுக்கு என் பெட்டியில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். கட்டுரைகள் குறைவு. பழைய பாடக் குறிப்பேடுகள்தான் நிறைய.

ஆனால் என் கட்டுரைகளில் நான் மதிக்கிற ஒன்று எங்கே பிறந்தது என்று சொல்கிறேன். 1994, விலங்கியல் முதலாண்டு, எல்லாப் பாடப்பிரிவு மாணவர்களுக்கும் பொதுவான 'பகுதி ஒன்று' தமிழ். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய வகுப்பு. குறுந்தொகை 25-ஆம் பாட்டு, கபிலர் பாடியது. தலைவன் தலைவியைக் கூடிய நாளில் வேறு யாருமே இல்லை. அவன் பொய் சொன்னால் அவள் என்ன செய்வாள்? ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற ஒரு குருகு, அதாவது கொக்கு, மட்டும் இருந்தது. தினையின் தாள் போன்ற சிறிய பசுங்கால் அதற்கு. "வாய் பேசாத பறவை, சாட்சி சொல்லாது" என்று, நான் படித்த காலத்தில் கேட்டதையே சொல்லி முடித்தேன்.

கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்தான். கண்மாய்க்கரை ஊர்க்காரன், அப்பாவோடு மீன் பிடிக்கப் போகிறவன். "பேசாதுங்கிறது இருக்கட்டும்யா. மீனுக்கு நிக்கிற கொக்கு வேற எதையும் பாக்காது. பக்கத்துல மாடு நடந்தாக்கூடத் திரும்பாது. அது இவங்களப் பாத்தே இருக்காதுய்யா."

அன்று இரவு உ.வே.சா. 1937-இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பை மறுபடி எடுத்தேன். 'ஆரல் பார்க்கும் குருகு' என்றுதான் இருக்கிறது. எத்தனை முறை படித்தும் 'பார்க்கும்' என்ற சொல்லில் நான் நின்றதே இல்லை. அங்கே ஒரே ஒரு கண் இருந்தது, அதுவும் மீன்மேல் இருந்தது. அவளுடைய தனிமை எவ்வளவு பெரியது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஆறு மாதம் கழித்து 11 பக்கம் எழுதினேன். அடிக்குறிப்பில் அந்தப் பையனின் பெயரைப் போட்டேன்.

அதனால் உங்கள் 16 மணி நேரத்தை எதிரியாக நினைக்காதீர்கள். வகுப்பு முடிந்ததும் ஐந்தே நிமிஷம், எந்த இடத்தில் பிள்ளைகள் முகம் சுளித்தார்கள், எந்தக் கேள்விக்கு நீங்கள் மழுப்பினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மழுப்பிய இடம் முக்கியம். கட்டுரைக்குப் பொருள் அங்கேதான் கிடைக்கும். வருஷத்துக்கு ஒன்று எழுதினாலும் போதும். பணம் வாங்கிக்கொண்டு பத்து நாளில் அச்சடித்துத் தரும் இதழ்களின் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள்.

சம்பளம் பற்றி ஆறுதல் சொல்ல மாட்டேன். முனைவர் பட்டம் பெற்ற ஒருவரை வருஷத்தில் ஒரு மாதம் வெறுங்கையோடு அனுப்புவது அநியாயம். அதற்காகக் குரல் கொடுக்கிற உங்கள் சங்கத்தில் சேர்ந்திருங்கள்.

கேள்வி: வகுப்பறையிலிருந்து எழுந்த தமிழறிஞர் என்று யாரைச் சொல்வீர்கள்?
- வாசகர், திருப்பத்தூர்

பதில்: உங்கள் ஊர்ப் பக்கத்து மு.வ.வைத்தான், அதாவது மு. வரதராசனை. தாலுகா அலுவலக எழுத்தராகத் தொடங்கியவர். உடல்நலம் கெட்டு அந்த வேலையை விட்டார். 1935-இல் வித்துவான் தேர்வில் முதலிடம், 1939-இல் பச்சையப்பன் கல்லூரி. சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றிய ஆய்வுக்கு 1948-இல் முனைவர் பட்டம் பெற்றபோதும் அங்கே பாடம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். 1961-இல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்குப் போகும்வரை அதே கல்லூரி. 1971-இல் மதுரையில் துணைவேந்தரானார். 1974-இல் காலமானார்.

அவருடைய திருக்குறள் தெளிவுரையைப் பாருங்கள். குறளுக்கு இரண்டு மூன்று வரி, அவ்வளவுதான். எவ்வளவு சொன்னால் போதும், எங்கே மாணவனை விட்டுவிட வேண்டும் என்பது நாள்தோறும் வகுப்பில் நின்றவருக்கே தெரியும். எனக்கு அந்த அளவு கைவர இருபது வருஷம் ஆனது.

கேள்வி: பி.காம். மாணவர்கள் தமிழ் வகுப்பில் போனையே பார்க்கிறார்கள். என்ன செய்ய?
- இளம் விரிவுரையாளர், கோவில்பட்டி

பதில்: உரையை முதலில் சொல்லாதீர்கள். பாட்டை இரண்டு தடவை வாய்விட்டுப் படியுங்கள், அவசரப்படாமல். மூன்றாவது தடவை அவர்களில் ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் திருத்த வேண்டாம். பக்கத்திலிருப்பவர் திருத்துவார்.