குகைக் குழு ஒன்றுகூடலில் என்ன போட்டி வைக்கலாம்? கேள்வி பதில்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதிக் குகைகளில் இறங்கி ஏறும் குழு ஒன்றில் பல வருடங்களாக இருக்கிறேன். ஆண்டு ஒன்றுகூடலில் போட்டிகளை நடத்துவது என் பொறுப்பு. இந்தக் கோடையில் முதல்முறையாகப் போட்டி நடத்தப் போகிறவர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, நாங்கள் மாணவர் குழு. பணமும் இல்லை, மண்டபமும் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

ஒரு மேசையிலிருந்து தொடங்குங்கள். மேசைமேல் படுத்து, ஒரு பக்கமாக இறங்கி, அடியில் தொற்றிக்கொண்டே கடந்து, மறுபக்கமாக மேலே வரவேண்டும். கால் தரையில் படக்கூடாது. குகைக்காரர்களின் விடுதிகளில் காலங்காலமாக நடக்கும் விளையாட்டு இது. கனமான மரமேசையாகப் பாருங்கள். எதிர்ப்பக்கம் இரண்டு பேர் அழுத்திப் பிடிக்காவிட்டால் ஆளோடு கவிழும். கீழே மெத்தை போட மறக்காதீர்கள்.

இடுக்கில் நுழையும் பெட்டியை எப்படிச் செய்வது? ஒல்லியானவர்கள்தானே எப்போதும் ஜெயிப்பார்கள்?

இரண்டு ஒட்டுப்பலகைகள் போதும். கீழ்ப்பலகை அசையாமல் இருக்க, மேல்பலகையைப் பக்கச் சட்டத்தில் செருகிய முளைகளின்மேல் வையுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் முளையை ஒரு துளை கீழே இறக்கிக்கொண்டே போகலாம். மேல்பலகையைத் திருகி இறுக்கவே கூடாது. உள்ளே இருப்பவர் “தூக்கு” என்றதும் இரண்டு பக்கமும் நிற்பவர்கள் அப்படியே தூக்கிவிட வேண்டும்.

ஒல்லிப் பிரச்சினைக்கு நாங்கள் கண்ட வழி: படுத்த நிலையில் ஒவ்வொருவரின் மார்பு உயரத்தையும் முதலில் அளந்துகொள்வோம். அதைவிட எவ்வளவு குறைந்த இடுக்கில் நுழைந்தார் என்பதே மதிப்பெண். பிறகு பாருங்கள், மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஒரு கையை முன்னே நீட்டி, மறு கையை உடலோடு ஒட்டி, கன்னம் பலகையில் உரச நகரத் தெரிந்தவர்தான் ஜெயிப்பார். பதறாமல் இருக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

கயிறு ஏறும் போட்டிக்கு 30 மீட்டர் உயரக் கூரைக்கு எங்கே போவது?

அவ்வளவு உயரம் தேவையே இல்லை. அமெரிக்காவின் தேசிய குகையியல் சங்கத்தின் ஆண்டு மாநாட்டில் 30 மீட்டர், 120 மீட்டர் என்று இரண்டு தூரங்களுக்குக் கயிறு ஏறுகிறார்கள். எங்கள் ஊர்ப்பக்கத்து கேப்பிங் கில் குழியின் ஆழமே ஏறக்குறைய 100 மீட்டர்தான்! ரகசியம் கப்பியில் இருக்கிறது. உத்தரத்தில் கப்பி மாட்டி, கயிற்றின் மறுமுனையைத் தரையில் கட்டிய இறங்குகருவி (கயிற்றை உரசிப் பிடித்து மெல்ல விடும் கருவி) வழியாக விடுங்கள். போட்டியாளர் ஏற ஏற, கீழே இருப்பவர் அதே வேகத்தில் கயிற்றை விட்டுக்கொடுப்பார். ஏறுபவர் தரைக்குச் சற்று மேலேயே இருப்பார், கயிறுதான் கீழே வந்துகொண்டிருக்கும். கயிற்றில் 30 மீட்டரில் ஒட்டிய சிவப்பு நாடா கையருகே வந்ததும் கடிகாரத்தை நிறுத்துங்கள்.

இந்த முறையில் எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சில வருடங்களுக்கு முன் ஒரு சந்திப்பில் கயிற்றை நேராக உத்தரத்திலேயே கட்டிவிட்டோம். ஓர் இளைஞரின் சட்டை நுனி மார்பு ஜாமரின் (கயிற்றைக் கவ்விப் பிடித்து ஏற உதவும் கருவி) பற்களுக்குள் போய்விட்டது. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. நாங்கள் ஏணி தேடி ஓடினோம். ஹார்னஸில், அதாவது இடுப்பிலும் தொடையிலும் கட்டும் பட்டையில், அசையாமல் தொங்கினால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். “காலை ஆட்டிக்கொண்டே இரு தம்பி” என்று கீழிருந்து கத்திக்கொண்டே இருந்தேன். நல்லபடியாக இறங்கிவிட்டார், ஆனால் அந்தப் பயம் எனக்கு இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து, கீழிருந்தே ஆளை இறக்கும்படி கட்டாத கயிற்றில் எங்கள் போட்டி நடப்பதில்லை.

முடிச்சுப் போட்டியில் வேகத்துக்கா மதிப்பெண்?

முதலில் முடிச்சுக்கு, அப்புறம்தான் வேகத்துக்கு. ‘8’ வடிவ முடிச்சில் இழைகள் ஒன்றையொன்று குறுக்கிடாமல் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கிறதா, முடிச்சுக்கு வெளியே நீளும் கயிற்று வால் போதிய நீளம் இருக்கிறதா என்று பாருங்கள். சேறு பூசிய கையுறையோடு, விளக்கை அணைத்துவிட்டுப் போடச் சொல்லுங்கள்.

உடல் பலம் இல்லாதவர்களுக்கு ஏதாவது?

நில அளவைப் போட்டி வையுங்கள். புல்வெளியில் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் நட்டு, தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் வளையமாக அமையுங்கள். நாடா, திசைகாட்டி, சாய்வுமானி கொடுத்து அளக்கச் சொல்லுங்கள். கணக்குப் போட்டால் தொடக்கப் புள்ளியும் முடிவுப் புள்ளியும் ஒன்றாக வரவேண்டும். விலகல் குறைந்த அணிக்கே பரிசு. தலைவிளக்கின் பேட்டரியும் இரும்புக் காராபினரும் (கயிற்றை மாட்டும் கொக்கி வளையம்) அருகில் இருந்தால் திசைகாட்டி முள் இழுபடும் என்பதைப் புதியவர்கள் இங்கேதான் தெரிந்துகொள்கிறார்கள்.

இதையெல்லாம் நிஜக் குகைக்குள்ளேயே வைத்தால் இன்னும் சுவாரசியமாக இருக்காதா?

வேண்டாம், தயவுசெய்து. அவசரத்தில் ஒரு தோள் இடித்தால் போதும், ஆயிரக்கணக்கான வருடம் வளர்ந்த கல்விழுது உடைந்துவிடும். கடிகாரத்தோடு ஓடுபவர் கால் வைக்கும் இடத்தையும் பார்க்க மாட்டார்.

குழந்தைகளும் வருகிறார்கள். அவர்களுக்கு?

மீட்புப் படுக்கை ஓட்டம். பெரியவர்கள் நாலு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கி, வைக்கோல் கட்டுகளுக்கு மேலும் மேசைகளுக்குக் கீழுமாகக் கொண்டுபோக வேண்டும். படுத்திருக்கும் குழந்தையின் கையில் ஒரு குவளைத் தண்ணீர். முடிவில் எவ்வளவு தண்ணீர் மிச்சம் என்று அளப்பதும் குழந்தைதான். குழந்தைக்குத் தலைக்கவசம் போட்டுவிடுங்கள், மாற்றுச் சட்டை ஒன்றும் எடுத்து வையுங்கள்.