படத்தில் இருப்பவரே முதல் பார்வையாளர்: கேள்வி பதில்

சேவை அமைப்புகளுக்கு ஆவணப்படங்களும் பயிற்சி வீடியோக்களும் எடுப்பது என் தொழில். அதைப் பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி: அக்கா, நாங்கள் ஐந்து பேர் நடத்தும் சின்ன அமைப்பு. எங்கள் வேலை எல்லாவற்றையும் சொல்கிற மாதிரி பத்து நிமிடப் படம் எடுக்கப் போகிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது?

அந்த ‘எல்லாவற்றையும்’ என்ற சொல்லை அடிப்பதிலிருந்து ஆரம்பியுங்கள், தம்பி. யார் பார்க்கப் போகிறார்கள், எங்கே உட்கார்ந்து பார்ப்பார்கள், பார்த்தபின் அவர்கள் செய்யவேண்டிய ஒரே காரியம் என்ன? மூன்றையும் ஒரே வாக்கியத்தில் எழுதி வையுங்கள். அந்த வாக்கியம் வராதவரை கேமராவைத் தொட வேண்டாம். நிதி தருபவருக்குப் பணம் எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரியவேண்டும். உதவி தேடி வரும் பெண்ணுக்கோ, வந்தால் தன் பெயர் வெளியே தெரிந்துவிடுமா, பிள்ளையைக் கூட்டி வரலாமா என்பதுதான் கவலை. இருவருக்கும் ஒரே படம் சரிவராது. ஒரே ஷூட்டிங்கில் எடுத்து, மூன்று மூன்று நிமிடத்தில் இரண்டு படங்களாக எடிட் செய்யுங்கள்.

கேள்வி: மேடம், நான் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தருகிறேன். நாற்பது நிமிட வீடியோ போட்டால் பாதியிலேயே கவனம் போய்விடுகிறது. எப்படிச் சுவாரசியமாக்குவது?

முதலில் அந்த நாற்பது நிமிடத்தைத் துண்டுகளாக்குங்கள். ஒரு துண்டில் ஒரு செயல் போதும். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைக் கரைசலையே எடுத்துக்கொள்வோம். 1 லிட்டர் சுத்தமான தண்ணீர், தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடிப்போனால் குழந்தைக்கே ஆபத்து. ஆனால் இதை எடுக்கும்போது பெரும்பாலும் மேசைக்கு எதிரே கேமராவை வைத்துவிடுகிறார்கள். செய்பவரின் கை நமக்கு இடம் வலம் மாறித் தெரிகிறது, கரண்டியின் அளவு தெரிவதே இல்லை. கேமராவைச் செய்பவரின் தோளுக்குப் பின்னால் கொண்டுபோங்கள். பார்ப்பவருக்குத் தன் கையையே பார்ப்பது போல இருக்கும். கரண்டியைத் தலை தட்டுவதை நெருங்கிப்போய்க் காட்டுங்கள். ஆறு கரண்டியையும் வெட்டாமல் போடவேண்டும். இரண்டு போட்டுவிட்டு ஆறுக்குத் தாவினால் நேரம் மிச்சமாகும், எண்ணிக்கை மனதில் நிற்காது.

செய்து காட்டும் இடத்தில் பின்னணி இசை வேண்டவே வேண்டாம். படமும் சொல்லும் சேர்ந்து எப்படிக் கற்பிக்கின்றன என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த உளவியலாளர் ரிச்சர்ட் மேயர், பாடத்துக்குத் தேவையில்லாத இசையும் அலங்காரமும் கற்றலைக் குறைக்கின்றன என்று காட்டியிருக்கிறார். குரல் சொல்வதை அப்படியே திரையிலும் எழுதி ஓட்டுவது கூடுதல் சுமை. திரையில் அளவுகள் மட்டும் போதும். காது கேளாதவர்களுக்கான சப்டைட்டில் வேறு விஷயம். அது கட்டாயம் வேண்டும், தேவைப்படுபவர் போட்டுக்கொள்ளும்படி தனிக் கோப்பாகக் கொடுங்கள்.

இன்னொன்று, வீடியோவைத் தனியே ஓடவிட்டுவிட்டுப் போகாதீர்கள். 2006-இல் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சித் திட்டமாகத் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் என்ற அமைப்பு, அந்தந்தப் பகுதி விவசாயிகளையே படத்தில் செய்துகாட்ட வைத்தது. ஊர்க்காரர் ஒருவர் அதைச் சிறு குழுவுக்குத் திரையிட்டு, நடுநடுவே நிறுத்திக் கேள்வி கேட்பார். அந்த முறை பலித்ததற்கு அந்த மனிதர் முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். அதனால் நான் ஸ்கிரிப்ட் எழுதும்போதே ‘இங்கே நிறுத்து, இதைக் கேள்’ என்று குறித்துவிடுகிறேன்.

கேள்வி: போன் கேமரா போதுமா?

போதும். இருக்கும் பணத்தை மைக்குக்குச் செலவழியுங்கள். கொஞ்சம் மங்கலான படத்தை மன்னித்துப் பார்ப்பார்கள், பேச்சு புரியாவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். காலர் மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே குத்துங்கள். மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பேட்டி முடிந்ததும் யாரும் அசையாமல் அந்த அறையின் மௌனத்தை 30 வினாடி பதிவு செய்துகொள்ளுங்கள். எடிட்டிங்கில் வெட்டு விழும் இடத்தையெல்லாம் அந்த மௌனத்தை வைத்துத்தான் ஒட்டமுடியும்.

கேள்வி: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கிவிட்டோம். முகத்தையும் மங்கலாக்கிவிட்டோம். இதற்கு மேல் என்ன செய்யவேண்டும்?

ஆரம்ப காலத்தில் நானும் இவ்வளவு செய்தால் போதும் என்றுதான் நினைத்தேன். வீட்டில் அடி வாங்கிய ஒரு பெண் தன் கதையைச் சொன்னார். படிவத்தில் கையெழுத்து இருந்தது, முகத்தை மறைத்தாயிற்று, பெயரும் மாற்றியாயிற்று. படம் வெளியான இரண்டாம் நாளே அவருடைய உறவினர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். குரலை நான் மாற்றவில்லை. கையில் குத்தியிருந்த பச்சை, பின்னால் தெரிந்த ஜன்னல் திரை, இரண்டும் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டன. அவர் என்னைத் திட்டவில்லை. “நீங்க சொன்னீங்களேன்னுதான் பேசினேன்” என்றார். பல வருடம் ஆகியும் அந்தக் குரல் என்னை விடவில்லை.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. ஒப்புதலை மூன்று முறை கேட்பேன்: ஷூட்டிங்குக்கு முன், முடிந்த கையோடு, எடிட் செய்த படத்தை அவரிடம் காட்டியபின். மூன்றாவதுதான் உண்மையான ஒப்புதல். தான் எப்படித் தெரிகிறோம் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிகிறது. ‘படம் எடுக்கலாமா’ என்று மட்டும் கேட்டு நிறுத்தமாட்டேன். இணையத்தில் போனால் உங்கள் மாமியார் பார்க்கலாம், முதலாளி பார்க்கலாம், பத்து வருடம் கழித்து உங்கள் மகள் பார்க்கலாம் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக் கேட்பேன். மறுத்தால் அமைப்பின் உதவி நிற்காது என்பதை, அமைப்பின் ஆட்கள் இல்லாதபோது தனியாகச் சொல்வேன். உதவி வாங்குபவருக்கு ‘வேண்டாம்’ என்று சொல்லும் தைரியம் லேசில் வராது. குழந்தை என்றால், பெற்றோர் சம்மதித்தாலும் குழந்தையிடம் தனியாகக் கேட்கவேண்டும். தலையாட்டத் தயங்கினால் எடுப்பதில்லை.

மறைத்துத்தான் எடுக்கவேண்டும் என்றால் எடுக்கும்போதே மறையுங்கள். முதுகுப்புறம், நிழலுருவம், கைவேலை என்று எடுக்கலாம். எடிட்டிங்கில் மங்கலாக்கினாலும் தெளிவான மூலப் பதிவு எங்கோ ஒரு டிஸ்க்கில் இருக்கத்தான் செய்யும். போனில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கோப்புக்குள்ளேயே அவர் வீடு பதிவாகிவிடும்.

படத்தில் இருப்பவருக்கு முதலில் காட்டுவது ஒன்றும் புது யோசனை இல்லை. 1967-இல் கனடாவின் ஃபோகோ தீவில், மக்களை வேறிடம் குடியேற்றலாமா என்ற பேச்சு இருந்த காலத்தில், அந்நாட்டின் தேசியத் திரைப்பட வாரியத்துக்காக இயக்குநர் காலின் லோ அந்தத் தீவுக்காரர்களைக் குறும்படங்களாக எடுத்தார். படங்களை முதலில் அவர்களுக்கே போட்டுக் காட்டினார்கள். தனித்தனி ஊர்களில் கிடந்தவர்கள், எல்லோருக்கும் ஒரே பிரச்சினைதான் என்பதைத் திரையில் பார்த்தார்கள். பிறகு அரசாங்கத்துக்கும் காட்டினார்கள். மக்கள் தீவிலேயே தங்கினார்கள், கூட்டுறவுச் சங்கமும் அமைத்தார்கள். எல்லாவற்றையும் அந்தப் படங்களே சாதித்தன என்று சொல்லமாட்டேன். ஆனால் பேச்சு அந்தத் திரையிடல்களில் சூடுபிடித்தது.

கேள்வி: நிதி தருபவர்கள் அழுகிற முகம் வேண்டும் என்கிறார்கள் மேடம். மறுத்தால் நிதி போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பயம் புரிகிறது. அவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், புள்ளிவிவரத்துக்குக் கொடுத்ததைவிட ஒரு சிறுமியின் கதைக்கு மக்கள் அதிகம் கொடுத்தார்கள். சிறுமியோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்தபோது தொகை குறைந்தது. அதாவது மனதைத் தொடுவது ஒரு தனி மனிதர். அவர் அழுதே தீரவேண்டும் என்று எங்கும் இல்லை. அவர் என்ன முடிவெடுத்தார், எதில் கெட்டிக்காரர், நாளைக்கு என்ன செய்யப்போகிறார் என்று காட்டுங்கள். பேட்டியில் அவர் தானாக உடைந்து அழுதால் நான் கேமராவை நிறுத்திவிடுவேன். தொடரலாமா என்பதை அவர்தான் சொல்லவேண்டும்.

கேள்வி: இணையத்தில் இலவச இசை கிடைக்கிறதே, எடுத்துப் போடலாமா?

உரிமத்தைப் படித்துவிட்டுப் போடுங்கள். படைப்பைப் பிறரும் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ‘மாற்றக்கூடாது’ என்ற நிபந்தனை இருந்தால் வீடியோவில் சேர்க்கவே முடியாது. இசையைப் படத்தோடு இணைப்பதே மாற்றம் என்றுதான் அந்த உரிமம் கொள்கிறது. ‘அதே உரிமம்’ நிபந்தனை இருந்தால் உங்கள் படத்தையும் அதே உரிமத்தில் வெளியிடவேண்டியிருக்கும்.

கேள்வி: நடந்ததை மறுபடி நடித்துக் காட்டுவது பொய் ஆகாதா?

நடிப்பு என்று திரையில் எழுதிவிட்டால் ஆகாது. எழுதாவிட்டால் ஆகும்.

கேள்வி: ஒரே படத்தை நாலைந்து மொழிகளில் தரவேண்டும். என்ன வழி?

எடிட் முடிந்தபின் இதை யோசித்தால் இரட்டிப்பு வேலை. எழுத்தே இல்லாத ஒரு பிரதியை முதலிலேயே தனியாக வெளியே எடுத்து வையுங்கள். குரல், சூழல் ஒலி, இசை மூன்றையும் தனித்தனி டிராக்கில் வைத்திருங்கள். ஒரு மொழியில் ஐந்து வினாடியில் முடிவது இன்னொன்றில் எட்டு வினாடி இழுக்கும். அதனால் ஒவ்வொரு செய்முறைக்குப் பின்னும் கொஞ்சம் காலி இடம் விடுங்கள். மொழிபெயர்ப்பை, படத்தில் காட்டும் வேலையைச் செய்யும் ஒருவரிடம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அவர் நாக்கு தடுக்கும் இடம்தான் திருத்தவேண்டிய இடம்.

கேள்வி: எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதை வைத்து வெற்றியை அளக்கலாமா?

பயிற்சிப் படத்துக்கு அந்த எண்ணிக்கை பெரிதாக உதவாது. ஒரு வாரம் கழித்துப் போய், படம் பார்த்தவரை அந்த வேலையைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். பலரும் ஒரே படியில் தடுமாறினால் அந்த ஷாட்டைத் திரும்ப எடுங்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் படத்தில் வந்த ஒருவர் மூன்று வருடம் கழித்து, தன் பகுதியை எடுத்துவிடச் சொல்கிறார். எங்கள் நிர்வாகக் குழு, கையெழுத்து இருக்கிறதே, எதற்கு எடுக்கவேண்டும் என்கிறது.

எடுத்துவிடுங்கள். அன்று அவருக்கு இருந்த வாழ்க்கை வேறு, இன்று வேறு. கல்யாணம் ஆகியிருக்கலாம், புது வேலை கிடைத்திருக்கலாம். காரணம் கேட்காதீர்கள். உங்கள் சேனலிலிருந்து இன்றே நீக்குங்கள். யார் யாருக்குப் பிரதி கொடுத்தீர்களோ அவர்களுக்கெல்லாம் எழுதுங்கள். வேறு யாராவது இறக்கி வைத்திருந்தால் நம் கை எட்டாது என்பதையும் அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் பகுதி போனபின் படம் நிற்காது என்றால், புதிதாக எடிட் செய்து தருகிறேன். ஹார்டு டிஸ்க்கை அனுப்புங்கள்.