பாதி சிகிச்சையில் நோயாளி வேறொருவராகப் பேசினால்?

கேள்வி: பல் மருத்துவமனை நடத்துகிறேன். போன வாரம் ஒரு பெண்ணுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கெனால் செய்துகொண்டிருந்தபோது, பாதியில் அவர் கண்கள் நிலைகுத்தின. கூப்பிட்டும் பதிலில்லை. சற்று நேரத்தில் மழலைக் குரலில் “இது எந்த இடம்?” என்று அழ ஆரம்பித்தார். தற்காலிக அடைப்பு வைத்து அனுப்பிவிட்டேன். அவருக்கு விலகல் அடையாளக் கோளாறு (ஒருவருக்குள் வெவ்வேறு ஆளுமைகள் மாறி மாறி வெளிப்படும் மனநலக் கோளாறு) இருப்பதாக உடன் வந்த அக்கா பிறகுதான் சொன்னார். அடுத்த வாரம் மறுபடி வருகிறார். முழு மயக்கம் கொடுத்து ஒரே மூச்சில் முடித்துவிடலாமா?

பதில்: நிறுத்தியது சரி. முழு மயக்கத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். நினைவில் விடுபட்டுப் போகும் நேரங்களோடு அன்றாடம் போராடுகிறவர் அவர். வாய் மரத்து, நாக்கில் ரத்தச் சுவையோடு, நடுவில் என்ன நடந்தது என்றே தெரியாமல் கண் விழிப்பது அவருக்குப் பெரிய அதிர்ச்சியாகலாம். மயக்க மருந்தான கீட்டமைன், சுற்றி நடப்பதிலிருந்து மனம் துண்டித்துப்போகும் விலகல் நிலையைத் தானே உண்டாக்கும். பதற்றம் தணிக்கத் தரும் நைட்ரஸ் ஆக்சைடும் மிடசோலமும்கூடச் சிலருக்கு மிதப்பையும் குழப்பத்தையும் கூட்டும். மயக்கம் தவிர்க்கவே முடியாது என்றால், அவருடைய மனநல மருத்துவரும் மயக்கவியல் நிபுணரும் கலந்து பேசி முடிவு செய்யட்டும்.

இந்தக் கோளாறு பெரும்பாலும் சிறுவயதில் தொடர்ந்து நடந்த வன்கொடுமையோடு சேர்ந்தே காணப்படுகிறது. அப்படிப்பட்டவருக்குப் பல் நாற்காலி எப்படி இருக்கும் என்று பாருங்கள். மல்லாக்கப் படுக்க வேண்டும். மேலே ஒருவர் குனிந்து நிற்பார், முகம் மாஸ்க்குக்குள் இருக்கும். வாய்க்குள் விரல்கள் இருக்கும், பேச முடியாது. பல்லைச் சுற்றி மறைக்கும் ரப்பர் திரையை (ரப்பர் டேம்) போட்டால் மூச்சு முட்டுவது போலிருக்கும். எது தாங்காது, எது தாங்கும் என்பதை முன்கூட்டியே அவரிடமே கேளுங்கள். என்ன நடந்தது என்ற பழங்கதை உங்களுக்குத் தேவையில்லை. “படுக்கும் கோணம், லைட், வாசனை, பின்னால் ஆள் நிற்பது, இதில் எது தொந்தரவு?” என்ற அளவு போதும்.

“வலித்தால் கையைத் தூக்குங்கள்” என்பது இவரிடம் பலிக்காது. விலகல் நிலைக்குள் போனவர் உறைந்துவிடலாம், கை எழாமல் போகலாம். நீங்களோ அசையாமல் ஒத்துழைக்கிறார் என்று மகிழ்ந்து வேலையைத் தொடர்வீர்கள். அதனால் விதியைத் திருப்பிப் போடுங்கள். ஒரு நிமிடத்துக்கு ஒரு முறை டிரில்லை நிறுத்தி, “தொடரலாமா?” என்று கேளுங்கள். கட்டைவிரல் உயர்ந்தால் மட்டும் தொடருங்கள், உயராவிட்டால் நிறுத்துங்கள். வேலை கொஞ்சம் இழுக்கும், இழுக்கட்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. பதில் வராத ஒவ்வொரு தருணமும் ஆளுமை மாற்றம் அல்ல. மயங்கிச் சரிவது, சர்க்கரை குறைவு, வலிப்பு, மரக்கும் ஊசியின் நச்சு விளைவு எல்லாமே இப்படித் தொடங்கலாம். நோயின் பெயர் தெரிந்துவிட்ட பிறகுதான் இந்தத் தவறு எளிதாக நடக்கும். முதலில் வாயிலிருந்து ஊசி, டிரில், ஃபைல் எல்லாவற்றையும் வெளியே எடுங்கள். விரலையும்தான், கடி படலாம். நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, தேவைப்பட்டால் சர்க்கரை பாருங்கள். காதில் இரைச்சல், நாக்கில் உலோகச் சுவை என்று முன்பு சொல்லியிருந்தால் மரக்கும் மருந்தான லிடோகெய்னைச் சந்தேகியுங்கள்.

உடல் அளவில் எல்லாம் சரியென்றால் நாற்காலியை மெல்ல நிமிர்த்தி, மாஸ்க்கைக் கழற்றி, அவர் பார்வைக்கு நேரே உட்காருங்கள். உங்கள் பெயர், இடம், இன்றைய தேதி, பல் வேலை நின்றுவிட்டது என்பது ஆகியவற்றைத் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். பாதம் தரையில் படட்டும். தோளைப் பிடித்து உலுக்காதீர்கள். குழந்தையாகப் பேசினால் குழந்தைக்குப் புரியும் சொற்களில் பேசலாம், ஆனால் சிகிச்சையைத் தொடராதீர்கள். “பெரியவரைக் கூப்பிடு” என்று அதட்டுவதும், யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்று விசாரிப்பதும் உங்கள் வேலையல்ல.

சம்மதம் கொடுத்தவர் நடுவில் விலகிப் போகலாம் என்பதால், எங்கே நிறுத்தினாலும் பல் பாதுகாப்பாக இருக்கும்படி வேலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். ரூட் கெனாலில் இது சுலபம்: சுத்தம் செய்து, இடைக்கால மருந்தான கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து மூடலாம். பல் பிடுங்குவதில் அப்படியல்ல, பல்லை அசைத்துத் தளர்த்திய பிறகு திரும்ப வழியில்லை. அதற்குச் சற்று முன் நிறுத்தி மறுபடி சம்மதம் கேளுங்கள். வேறு ஆளுமை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் முன்பே பேசி, எழுதி, கையெழுத்து வாங்கி வையுங்கள்.

“மரக்கவே இல்லை” என்று திடீரென ஒருவர் சொன்னால் நம்புங்கள், சோதியுங்கள், ஆனால் கணக்கை மறக்காதீர்கள். பேசுவது யாராக இருந்தாலும் மருந்து சேர்வது ஒரே உடலில்தான். 2 சதவீத லிடோகெய்ன் 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜில் (ஊசியில் பொருத்தும் மருந்துக் குப்பி) 36 மி.கி. இருக்கிறது. கிலோவுக்கு 4.4 மி.கி. என்ற வரம்பை வைத்தால், 50 கிலோ எடையுள்ளவருக்கு 6 கார்ட்ரிட்ஜோடு முடிந்தது. மரக்கும் மருந்தோடு சேர்ந்து வரும் அட்ரினலின் தரும் படபடப்பு பழைய பயத்தைக் கிளப்பும் என்பதால், “சில நிமிடம் நெஞ்சு அடித்துக்கொள்ளும், போய்விடும்” என்று முன்பே சொல்லி, மெதுவாகச் செலுத்துங்கள். குறுகிய வேலைக்கு அட்ரினலின் இல்லாத 3 சதவீத மெபிவகெய்ன் என்ற மரக்கும் மருந்து போதும்.

மனநல மருந்துகளின் பட்டியலைக் கட்டாயம் வாங்குங்கள். வாய் உலர்வதால் சொத்தை பெருகும், சில மருந்துகளால் இரவில் பல் நெரிப்பும் வரும். மனநிலையைச் சீராக்கும் லித்தியம் எடுப்பவருக்கு வலி மாத்திரையான ஐபுப்ரோஃபென் எழுதாதீர்கள், ரத்தத்தில் லித்தியம் ஏறும். அக்காவிடம் நோய் பற்றிப் பேசுவதற்கு முன் நோயாளியின் அனுமதி வேண்டும். யார் உள்ளே வரலாம் என்பதும் அவர் முடிவு.

வரும் வாரமே ரூட் கெனாலை முடிக்கத் தேவையில்லை. நிமிர்ந்த நாற்காலியில் 20 நிமிடம் பேசி, மேலே சொன்ன ஒப்பந்தத்தை எழுதுங்கள். அவர் இசைந்தால் தற்காலிக அடைப்பை எடுத்துவிட்டு கிளாஸ் அயனோமர் என்ற உறுதியான அடைப்பை வையுங்கள், அது இன்னும் சில வாரம் தாங்கும். செய்த வேலை, அடுத்து என்ன, என்ன மாத்திரை, எந்தப் பக்கம் மெல்லக் கூடாது என்பதையெல்லாம் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். வீட்டில் அதைப் படிக்கப்போகிறவருக்கு உங்கள் மருத்துவமனைக்கு வந்ததே நினைவில் இல்லாமல் இருக்கலாம்.