விண்வெளியிலும் வீட்டுச் சண்டைதான்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில் விடுமுறைக்கு என்ன வாசிக்கலாம் என்று கேட்டவருக்கு இரண்டு விஞ்ஞானக் கதைகளையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இம்முறை கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன, அதனால் கோயில் திருவிழா, முருங்கையில் மசுக்குட்டி, வெளிநாட்டு மாப்பிள்ளை பற்றிய கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்கு.

கேள்வி: மகன் உயர்தரம் படிக்கிறான். பாடப் புத்தகத்துக்குள் விஞ்ஞானக் கதையை ஒளித்து வைத்து வாசிக்கிறான். கிரகம், ரோபோ, துவக்கு. மனிதருடைய வாழ்க்கை ஒரு துளியாவது அதில் இருக்கிறதா ஐயா? – ஒரு தாய், உப்புவெளி

பதில்: பரீட்சைக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால் புத்தகத்தை வாங்கி அலுமாரியில் பூட்டுங்கள் அம்மா, அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் வாழ்க்கை இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

பிலிப் கே. டிக் என்ற அமெரிக்கர் 1968இல் எழுதிய ‘Do Androids Dream of Electric Sheep?’ என்ற நாவல், மனிதரைப் போலவே இருக்கும் ரோபோக்களைத் தேடிச் சுடுகிறவனைப் பற்றியது. துவக்கு உண்டு, செவ்வாய்க்குப் போன சனங்கள் உண்டு, எல்லாம் உண்டு. ஆனால் கதை தொடங்குவது படுக்கையறையில், விடியற்காலையில், புருசனும் பெண்சாதியும் வாக்குவாதப்படுவதில். அந்த வீட்டில் ஒரு பெட்டி இருக்கிறது. எண்ணைச் சுழற்றினால் அந்த எண்ணுக்குரிய மனநிலை வந்துவிடும். 888 என்றால் தொலைக்காட்சியில் என்ன போனாலும் பார்க்கும் ஆசை. 594 என்றால், எதிலும் என் புருசனுக்குத்தான் புத்தி கூட என்று மனைவி மகிழ்ச்சியோடு ஒப்புக்கொள்வது! அவன் எழும்பும்போதே நல்ல உற்சாகத்தைப் போட்டுக்கொண்டு எழும்புகிறான். அவளோ இன்றைக்கு ஆறு மணித்தியாலம் என்னை நானே நொந்துகொண்டு இருக்கப்போகிறேன், அதை முதலே அட்டவணையில் போட்டிருக்கிறேன் என்கிறாள். ஏன் அப்படி என்றால், தொலைக்காட்சிச் சத்தத்தை நிறுத்தியபோது கட்டடம் முழுக்க ஆளில்லாத வெறுமை கேட்டதாம், அதைக் கேட்டும் கவலை வராமல் இருந்தது சரியில்லை என்று அவளுக்குப் பட்டதாம். இந்த ஒரு பக்கத்துக்காகவே அந்த மனுசனைக் கும்பிடலாம். கவலைப்பட வேண்டிய நேரத்தில் கவலை வரவில்லையே என்று கவலைப்படுகிற பெண்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரிந்திருக்கும், செத்தவீட்டில் அழுகை வராமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிற்பவர்கள்.

அதே கதையில் மிருகங்கள் அநேகமாக அழிந்துபோய், உயிருள்ள மிருகம் வைத்திருப்பதுதான் அந்தஸ்து. நாயகனிடம் இருப்பது மின்சாரத்தில் ஓடும் செம்மறி. அயலவனிடம் நிஜக் குதிரை, அதுவும் சினைப்பட்ட குதிரை. தன் ஆடு பொய் என்று அயலுக்குத் தெரியக்கூடாதே என்று அவன் படுகிற பாடு இருக்கிறதே! உங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீட்டுக்குப் புது வேன் வந்த கிழமையை நினைத்துக்கொள்ளுங்கள்.

விசயம் இதுதான். மற்றக் கதைகளில் பொறாமையும் சலிப்பும் ஆளுக்குள்ளே இருக்கும். இந்தக் கதைகளில் அவற்றை வெளியே எடுத்து, அந்த உலகத்தின் சட்டமாகவோ காலநிலையாகவோ கடைச்சாமானாகவோ வைத்துவிடுகிறார்கள். உள்ளே கிடந்தால் கண்ணுக்குத் தெரியாதது, வெளியே வந்தபின் விலை எழுதின அட்டையோடு தெரிகிறது. மகனிடம் ஒருநாள் கேட்டுப் பாருங்கள், எந்தக் கிரகத்தில் இருக்க விருப்பம் என்று. பரீட்சை பற்றி அவன் உங்களிடம் சொல்லாததெல்லாம் அந்தப் பதிலில் வரும்.

கேள்வி: ஏன் இந்த விஞ்ஞானக் கதைக்காரர்களுடைய உலகமெல்லாம் இருட்டும் அழிவுமாகவே இருக்கிறது? – வாசகர், மூதூர்

பதில்: எழுதியவருடைய ஜன்னலுக்கு வெளியே அப்படி இருந்திருக்கும். 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அடுத்த வருடம் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை, ஒரே மழையும் குளிரும். ஜெனீவா ஏரிக்கரையில் வெளியே போக வழியில்லாமல் அடைபட்டுக் கிடந்த கூட்டம் ஒன்று பொழுதுபோகப் பேய்க்கதை எழுதத் தொடங்க, அதிலிருந்த பதினெட்டு வயது மேரி ஷெல்லிக்கு வந்த கதைதான் பிராங்கன்ஸ்டைன். ஜப்பானியருடைய பூதப் படம் கொட்சில்லா 1954 நவம்பரில் வந்தது. அதே வருடம் மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் கதிரியக்கச் சாம்பல், மீன் பிடிக்கப் போன ஜப்பானிய வள்ளத்தின் மேல் விழுந்திருந்தது. மீன் வாங்கவே சனம் பயந்த வருடம் அது, கடலிலிருந்து பூதம் வராமல் வேறு எங்கிருந்து வரும்?

கேள்வி: செவ்வாய்க்கு இலவச ரிக்கெற் தந்தால் போவீர்களா? – நண்பர்கள் மூவர், திருமலை நகர்

பதில்: அங்கே ஒரு நாள் நம்முடையதைவிட ஏறக்குறைய நாற்பது நிமிடம் நீளம், அந்த நித்திரைக்காகப் போகலாம். ஆனால் இங்கிருந்து சொன்ன சொல் அங்கே போய்ச் சேர 3 நிமிடத்திலிருந்து 22 நிமிடம் வரை எடுக்கும். மனைவியோடு போனில் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டால், அவருடைய பதில் முதல் சொன்னதற்கா இரண்டாவதற்கா என்று தெரியாமல் முக்கால் மணித்தியாலம் இருக்க வேண்டும். வேண்டாம்.

கேள்வி: நாங்கள் கடற்கரைச் சனம். கடலை வைத்து யாராவது நல்ல விஞ்ஞானக் கதை எழுதியிருக்கிறார்களா? – வாசகி, நிலாவெளி

பதில்: போலந்துக்காரர் ஸ்தானிஸ்லாவ் லெம் 1961இல் எழுதிய சோலாரிஸ். ஒரு கிரகம், அதை மூடி ஒரே ஒரு கடல், அந்தக் கடலே ஒரு உயிர். ஆராயப் போனவர்களுடைய நினைவுக்குள் புகுந்து, அவர்கள் மறக்கப் பார்க்கும் ஆளை எடுத்து, உயிரோடு முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறது. நாயகன் முன் வந்து நிற்பது அவனால் மனம் உடைந்து தற்கொலை செய்துகொண்ட மனைவி. கடல் இதைத் தண்டனையாகச் செய்கிறதா, பரிசாகச் செய்கிறதா, விளையாடுகிறதா என்று கடைசிவரை சொல்லப்படுவதில்லை. சிலருக்கு இது பெரிய குறை. எனக்கு அதுதான் கதை.

இங்கே தொழிலுக்குப் போகிறவர்கள் விடியப்புறம் ‘இண்டைக்குக் கடல் எப்பிடி?’ என்று கேட்பது, வருத்தமாய்க் கிடக்கும் ஆளை விசாரிப்பது போலவே இருக்கும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடலைப் பார்த்துத் திட்டியவர்களைக் கண்டிருக்கிறேன், பார்க்கவே மாட்டேன் என்று வாசலை மறுபக்கம் மாற்றிய வீட்டையும் கண்டிருக்கிறேன். லெம் எழுதிய கடல் நமக்கு விளங்காமல் போக வாய்ப்பில்லை.

கேள்வி: ஆர்தர் சி. கிளார்க் கோணேசர் கோயிலடியில் சுழியோடினார் என்கிறார்களே, உண்மையா? நம் ஊரைக் கதையில் எழுதினாரா? – மாணவர், கிண்ணியா

பதில்: உண்மை. விஞ்ஞானக் கதைகள் எழுதிய இந்த ஆங்கிலேயர் 1956இல் இலங்கைக்குக் குடிவந்தவர், தோழர் மைக் வில்சனோடு இங்கே சுழியோடி, போர்த்துக்கேயர் இடித்த பழைய கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் பாறையடியில் கண்டார், அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். தண்ணீருக்குள் எடையில்லாமல் மிதப்பது விண்வெளியில் இருப்பதற்கு அடுத்தபடி என்பதுதான் அவருக்குச் சுழியோட்டத்தில் பிடித்தது.

1979இல் வந்த அவருடைய ‘The Fountains of Paradise’ நாவலில் நம் தீவை அப்படியே தூக்கித் தெற்கே 800 கிலோமீற்றர் தள்ளிப் பூமத்தியரேகையில் வைத்தார், பூமியிலிருந்து விண்ணுக்கு லிஃப்ட் கட்ட அந்த இடம்தான் வசதி. சிகிரியாவும் சிவனொளிபாதமலையும் வேறு பெயரில் வருகின்றன, திருகோணமலையைக் கண்டதாக எனக்கு நினைவில்லை, கொஞ்சம் மனவருத்தம்தான். ஆனால் கதையை நகர்த்துவது என்ன தெரியுமா? லிஃப்ட் கட்ட வேண்டிய மலையுச்சியில் மடாலயம் இருக்கிறது, பிக்குகள் காணியைவிட்டு எழும்ப மாட்டோம் என்கிறார்கள். காணிப் பிரச்சினை! 22ஆம் நூற்றாண்டிலும் அது தீரவில்லை. பிறகு அவர்கள் இறங்கிப் போவதற்குக் காரணம் வண்ணத்துப்பூச்சிகள், மிச்சத்தை நூலகத்தில் கேட்டு வாசியுங்கள்.

கேள்வி: இருநூறு வருடத்துக்குப் பிந்திய திருகோணமலையை வைத்துக் கதை எழுத ஆசை. எங்கே தொடங்குவது? – வாசகி, சீனன்குடா

பதில்: இயந்திரத்தில் தொடங்க வேண்டாம். 2022இல் நாட்டில் எரிபொருளும் காஸும் தட்டுப்பாடாக இருந்ததை நினைத்துப் பாருங்கள். இலக்கத் தகட்டின் கடைசி எண்ணைப் பார்த்துப் பெற்றோல் தந்தார்கள், பிறகு கியூஆர் கோட் வந்தது. பத்து வருடத்துக்கு முதல் யாராவது இதைக் கதையாக எழுதியிருந்தால் கியூஆர் கோட்டைத்தான் வியந்து எழுதியிருப்பார். நமக்கு நினைவில் நிற்பதோ, வெறும் காஸ் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று பிணைத்து வரிசையில் விட்டு வீட்டுக்குப் போனதும், திரும்பி வரும்போது நம்முடையது இரண்டு இடம் பின்னுக்குப் போயிருந்ததும், அதற்காக பல வருடப் பழக்கக்காரரோடு முகம் முறிந்ததும்தான்.

ஆகவே ஒரு உணர்வை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில், தாய் தனியே என்று வைப்போம். அப்படியே எழுதினால் ஏற்கெனவே நூறு பேர் எழுதிய கதை. மேலே செவ்வாய்க்கார நண்பர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் திருப்பி, உங்கள் ஊரில் பக்கத்தில் நிற்பவர் சொன்ன சொல்லும் ஒரு நாள் கழித்துத்தான் காதில் விழும் என்று விதி வையுங்கள். மரக்கறிச் சந்தையில் எப்படிப் பேரம் பேசுவார்கள்? நேற்றைய ஏச்சு இன்றைக்குக் கலியாண வீட்டின் நடுவில் வந்து விழுந்தால்? யார் பேச்சையே விட்டுவிடுவார்? முதலில் சந்தையை எழுதுங்கள், தாயின் அழுகைக்கு அதன்பிறகு வரலாம். ஆயிரத்து ஐந்நூறு சொல்லுக்குள் முடித்து அனுப்புங்கள், ஆளுக்கு எக்ஸ்-7 என்று மட்டும் பெயர் வைத்துவிடாதீர்கள், பரமேஸ்வரி என்ற பெயருக்கு என்ன குறை?