டோர்ஷாவ்ன் பிரைடு: அறை கிடைக்காததற்குப் பேரணி காரணமல்ல

வெளிநாட்டிலிருந்து வரும் நான் பிரைடு பேரணியில் நடக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். டென்மார்க் முடியாட்சிக்கு உட்பட்ட ஃபாரோ தீவுகளில், தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்டோருக்காக ஜூலை 27 அன்று நடக்கும் இந்தப் பேரணியில் நீங்கள் தாராளமாக நடக்கலாம். வெளிநாட்டுப் பயணி என்பது அதற்குத் தடையே இல்லை.

26 முதல் 29 வரை தலைநகர் டோர்ஷாவ்னில் ஓர் அறைகூட இல்லை என்று எழுதியிருந்தீர்கள். பேரணிக்கு மறுநாளே தொடங்கி, அதாவது 28, 29 தேதிகளில், ஓலவ்சோக்கா என்னும் தேசியத் திருவிழா நடப்பதால், எல்லாத் தீவுகளின் மக்களும் தலைநகரில் கூடிவிடுகிறார்கள் என்பதே பெரும்பாலும் காரணமாக இருக்கும். 28 காலையில் அறையைக் காலி செய்வதாகத் தேதியை மாற்றித் தேடிப் பாருங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால் பக்கத்துத் தீவிலுள்ள ரூனவீக் என்னும் ஊரில் தேடலாம். 2020 இறுதியில் திறந்த கடலடிச் சுரங்கச்சாலை அந்தப் பக்கத்தை டோர்ஷாவ்னுடன் நேரடியாக இணைக்கிறது.

பயணச்சீட்டு வாங்குமுன் விசாவைப் பாருங்கள். ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்ல உதவும் ஷெங்கன் பகுதியில் ஃபாரோ தீவுகள் சேராதவை. ஆகவே இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள், ஃபாரோ தீவுகளுக்கும் செல்லும் என்று குறிப்பிடப்பட்ட விசாவை டென்மார்க் வழியாகப் பெற வேண்டும்.

இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தன்பால் திருமணம் அங்கே 2017 ஜூலை முதல் சட்டப்படி நடக்கிறது என்றாலும், ஏறத்தாழ 54,000 பேர் மட்டுமே வாழும் அந்த நாட்டில் ஒரு முகத்தைப் பார்த்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடுவார்கள். குடும்பத்திடம் இன்னும் சொல்லாத ஓர் இளைஞரும் உங்கள் அருகில் நடக்கக்கூடும் என்பதால், முகம் தெரியும் படத்தைக் கேட்காமல் எடுக்கவோ பகிரவோ வேண்டாம்.